கடைசிச் சொல்லும் நம்முடையதாக இருக்கட்டும்

கோவைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரிங் பிரேமில் நின்று உழைத்த தோழர் ஒருவரை நாம் நன்கு அறிவோம். சங்கக் கமிட்டியில் நெடுங்காலம் இருந்தவர். எதையும் எழுத்தில் வாங்கு என்பது அவருடைய மந்திரம். "வாயால் சொன்னதை மானேஜர் மத்தியானமே மறந்து போவான், காகிதத்தில் வாங்கினால்தான் நம் பிடியில் இருப்பான்" என்று இளம் தொழிலாளர்களுக்குச் சொல்வார். போனஸ் கோரிக்கையானாலும், சார்ஜ் ஷீட்டுக்குப் பதிலானாலும், வேலைநிறுத்த நோட்டீஸானாலும் தம் கையாலேயே எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அந்தத் தோழர் ஒரு நாள் விடியற்காலையில் சாய்ந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டையில் குழாய் இறக்கி மூச்சு மெஷினில் போட்டார்கள். நாலாம் நாளே பெரிய டாக்டர், நினைவு திரும்பும் என்ற நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் மெஷின் ஓடிற்று. பில்லும் கூடவே ஓடிற்று. மூத்த மகன், வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம் என்றான். இளையவன், "அப்பனைக் கொன்னவன்னு ஊர் பேசறதுக்கா?" என்று சட்டையைப் பிடித்தான். அம்மாவின் காதுத் தோடு போயிற்று. பிராவிடண்டு பண்டுப் பணத்தில் வாங்கிய மனை போயிற்று. பத்தொன்பதாம் நாள் தோழரும் போனார். காரியத்தன்று அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

துக்கம் கேட்கப் போன நம்மிடம் அந்த அம்மாள் சொன்னார்: "சங்கத்துக்காக எத்தனையோ எழுதினாருங்க தோழர். எங்களுக்கு ஒரு வரி எழுதி வைக்கலீங்களே. அவருக்கு இதுதான் இஷ்டம்னு தெரிஞ்சிருந்தா, அதையே செஞ்சிருப்போமுங்க."

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. எத்தனையோ வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து அவரோடு வேலை செய்திருக்கிறோம். பஞ்சப்படி பற்றி, லேபர் கோர்ட்டு வழக்கு பற்றி, வியட்நாம் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். "தோழரே, உடம்பு விழுந்துவிட்டால் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் குற்றம் நம்முடையதும்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பேசக் கூடாத பேச்சா?

நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசாதே என்பார்கள் வீட்டிலே. விளக்கு வைத்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்பார்கள். பேசினால் எமன் வந்துவிடுவான் என்ற பயம். ஆனால் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையத்துத் தொழிலாளித் தோழர்கள் நால்வரின் வழியில் வந்தவர்கள் நாம். சாவு என்ற சொல்லைக் கேட்டு நாம் வாயைப் பொத்திக்கொள்வது நமக்கு அழகா?

பேசாமலே இருப்பதனால் சாவு தள்ளிப் போவதில்லை. நமக்கான முடிவை வேறு யாரோ எடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஐ.சி.யூ. வாசலில் தூக்கமில்லாமல் நிற்கும் மகன் எடுக்கிறான். சீமையிலிருந்து வந்தவர் போலக் கடைசி நாளில் வந்து சேரும் மைத்துனர் எடுக்கிறார். பணம் கட்டுமிடத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா எடுக்கிறார். படுத்திருப்பவர் மட்டும் எடுப்பதில்லை.

இரு பக்கத்து அநியாயம்

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அது நம் தோழர்களே எழுப்புவது, கனமானது. "வைத்தியமே கிடைக்காமல் சாகிறான் விவசாயக் கூலி. அவனிடம் போய், எந்த வைத்தியம் வேண்டாம் என்று எழுதி வை என்கிறீர்களே! இது பணக்காரன் வீட்டுப் பிரச்னை அல்லவா?"

இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். கீழத் தஞ்சையில் நாற்று நட்டே முதுகு வளைந்த ஒரு அம்மாளை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறோம். அவருக்குக் கருப்பை வாயில் புற்று. கூலி போய்விடுமே என்று நாள் கடத்தி, முற்றிய பிறகு நகரத்துக்குப் போனார். அங்கே, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். நாலு மாதம் குடிசைத் திண்ணையில் கிடந்து துடித்தார். "பொழைக்க வைங்கன்னு கேக்கல தோழரே, வலி இல்லாம இருந்தா போதும்" என்று நம்மிடம் சொன்னார். அந்தச் சின்னக் கோரிக்கையைக்கூட நிறைவேற்ற ஆள் இல்லை.

கோவைத் தோழருக்கு வேண்டாத வைத்தியம் திணிக்கப்பட்டது. தஞ்சை அம்மாளுக்கு வேண்டிய வைத்தியம் மறுக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேர் எதிர். ஆழமாகப் பார்த்தால் வேர் ஒன்றே. வைத்தியம் சரக்காகிவிட்ட இடத்தில், அடகு வைக்க மனை இருக்கும் வரை உயிர் வளர்க்கப்படுகிறது. மனை இல்லாத உடம்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டு இடத்திலும் உழைப்பாளியின் வாய்ச் சொல்லைக் கேட்டவர் எவரும் இல்லை.

ஆகவே, எழுதி வைப்பது என்றால் வேண்டாம் என்று எழுதுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இது வேண்டும் என்றும் எழுதலாம். வலிக்கு மருந்து வேண்டும், என் ஊரில் என் ஜனங்களோடு இருக்க வேண்டும், பிழைக்க வழி இருக்கும் வரை எல்லா முயற்சியும் வேண்டும் என்று எழுதலாம். கோரிக்கை சாசனம் எழுதத் தெரிந்த வர்க்கத்துக்கு இது புதிய வேலை அல்ல.

சட்டம் எப்படி வந்தது?

பம்பாயில் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸ் வேலை பார்த்தார். 1973 நவம்பர் 27 அன்று அதே ஆஸ்பத்திரியின் ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கழுத்து இறுக்கப்பட்டதில் மூளை கெட்டது. அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. சக நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டார்கள். அவரை விடுவிக்க வேண்டும் என்று ஒரு எழுத்தாளர் மனுப் போட்டார். நர்சுகளோ கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த மனுவைத் தள்ளியது; ஆனால், மீள வழியே இல்லாதவர்களுக்கு உயிர் காக்கும் கருவிகளை ஹைகோர்ட்டின் அனுமதியோடு நிறுத்தலாம் என்ற பாதையைத் திறந்தது. அருணா 2015 மே 18 அன்று காலமானார். படுக்கையில் கழிந்தது ஏறக்குறைய 42 ஆண்டு. வெளியே இரு தரப்பும் நல்லெண்ணத்தோடுதான் வாதாடின. அருணா என்ன விரும்பியிருப்பார் என்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

பின்பு 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்சு, கௌரவத்தோடு சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. நினைவோடு இருக்கும்போதே தன் வைத்தியத்தைப் பற்றி எழுதி வைக்கலாம், அது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால், மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதித்தது. ஒரு நாள் கூலியை இழந்து கோர்ட்டு வராந்தாவில் நிற்க எந்த உழைப்பாளியால் முடியும்? 2023 ஜனவரி 24 அன்று வந்த தீர்ப்பு இந்த முட்டுக்கட்டையை நீக்கிற்று. இப்போது நோட்டரியோ, கெஜட் பதிவு பெற்ற அதிகாரியோ சான்று போட்டால் போதும்.

எழுதுவது எப்படி?

எழுதுகிறவர் வயது வந்தவராக, தெளிந்த புத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலை வந்தால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தம்மால் பேச முடியாதபோது தமக்காகப் பேசப் போகிறவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருந்தால் நல்லது. பிறகு நோட்டரி அல்லது அதிகாரியின் சான்று. ஒரு நகல், பெயர் குறிப்பிட்டவரிடம். ஒன்று, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இருந்தால் அவரிடம். ஒன்று, பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ இதற்கென நியமிக்கப்படும் அதிகாரியிடம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

இந்தக் காகிதம் எப்போது பேசும்? நாம் நினைவோடு இருக்கும் வரை பேசாது. அதுவரை நம் வாய்ச்சொல்லே சொல். நினைவு தப்பி, நோய் தீர வழியில்லை என்ற நிலை வந்தால்தான் பேசும். அப்போதும் ஒரு டாக்டர் நினைத்த மாத்திரத்தில் எதையும் நிறுத்திவிட முடியாது. வைத்தியம் பார்க்கும் டாக்டரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு பார்க்க வேண்டும். அதன் பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் கொண்ட இன்னொரு குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். நாம் பெயர் குறிப்பிட்டவர் சம்மதிக்க வேண்டும். நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தச் சட்டத்தில் இல்லை. அது இந்த நாட்டில் குற்றம்.

ஒரு எச்சரிக்கை. "மெஷினே வேண்டாம்" என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். வயலில் நல்ல பாம்போ கட்டு விரியனோ தீண்டினால் விஷம் மூச்சை நிறுத்தும். விஷ முறிவு மருந்தோடு சில நாள் மூச்சு மெஷினும் இருந்தால், அதே ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து வருவார். நிமோனியாவிலும் அப்படிப் பிழைத்தவர் ஏராளம். மெஷின் நமக்கு எதிரியல்ல. அதைச் செய்ததும் தொழிலாளிதான். ஆகவே எழுத வேண்டியது இப்படி: "மீண்டு எழ வழி இருந்தால் எல்லா முயற்சியும் செய்யுங்கள். வழியே இல்லை என்று டாக்டர்கள் உறுதியாகச் சொன்னால், சாவை நீட்டும் கருவிகளை நிறுத்தி, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." இதற்கு மாறாக, கடைசி மூச்சு வரை போராட வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதையும் எழுதட்டும். அதுவும் அவருடைய உரிமை.

இதைக் கத்தியாக்க விடக் கூடாது

தென் மாவட்டங்களில் சில இடங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்து வந்ததை நாம் அறிவோம். படுத்த படுக்கையான கிழவருக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்க வைத்துக் கதையை முடிப்பார்கள். சம்பிரதாயம் என்று அதற்குப் பெயர். கொலை என்பதே சரியான பெயர். அந்த வீட்டில் வறுமை உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிழவரின் சம்மதம் அதில் கிடையாது. நாம் சொல்வதும் அதுவும் ஒன்றென்று எவராவது சொன்னால் உரக்க மறுங்கள். அங்கே மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள், கிழவர் வாய் மூடிக் கிடக்கிறார். இங்கே அவரே பேசுகிறார்.

இன்னொரு ஆபத்து மேலிடத்திலிருந்து வரும். ஏழைகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனிப் படுக்கை எதற்கு, மருந்து எதற்கு என்று செலவைச் சுருக்க நினைப்பவர்கள் நாளைக்கு இந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அச்சடித்த படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கலாம். அப்படி நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் முதலாளியை நாம் பார்க்காதவர்களா? இது நம் வீட்டில், நம் சங்கத்தில், நிதானமாக நாமே எழுத வேண்டிய காகிதம்.

பெண் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்காரருக்கு நோய் என்றால் மாட்டை விற்கிறோம். அவர் மனைவிக்கு நோய் என்றால் கஷாயம் வைக்கிறோம். "அவளுக்கு என்ன தெரியும்?" என்று மகன்களே முடிவு செய்கிறார்கள். சட்டத்தின் முன் அவருடைய சொல்லும் கணவன் சொல்லும் சமம். முதலில் எழுத வேண்டியவர்கள் நம் தாய்மார்களே.

நம் கோரிக்கைகள்

காகிதம் மட்டும் வலியைத் தணிக்காது. தணிக்க ஆளும் மருந்தும் வேண்டும். நம் பக்கத்து ராஜ்யமான கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி தணிப்பு வேலை, ஊர் ஊராகத் தொண்டர்களின் இயக்கமாகப் பரவிற்று. 2008இல் அதற்கென்று ஒரு கொள்கையையே அந்த சர்க்கார் அறிவித்தது. இந்தியாவில் எந்த ராஜ்யமும் அதற்கு முன் செய்யாதது. நர்ஸ் வீடு தேடி வருகிறார், பஞ்சாயத்து பொறுப்பேற்கிறது, அண்டை வீட்டார் கை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்கு வீட்டிலேயே வலி தணிப்புப் பராமரிப்பு சேர்க்கப்பட்டது. காகிதத்தில் உள்ளது ஒவ்வொரு காலனிக்கும், ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் வந்து சேர வைப்பது நம் வேலை.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பீன் மாத்திரை கண்கண்ட மருந்து, விலையும் அதிகமில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிக்கு அது எட்டாக்கனியாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. சட்டம் திருந்தியும் தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை என்றால், அது யாருடைய குற்றம்?

ஆகவே நாம் கேட்பவை நாலு. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் மார்பீனும், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டரும் இருக்க வேண்டும். இந்தக் காகிதங்களை வாங்கிப் பத்திரப்படுத்தும் அதிகாரியைப் பஞ்சாயத்தும் நகராட்சியும் நியமித்து, அவர் பெயரைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மாவட்ட மருத்துவ அதிகாரி இரண்டாவது குழுவுக்கான டாக்டர்களின் பட்டியலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பணமில்லை என்ற காரணத்துக்காக எந்த நோயாளியையும் "எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று அனுப்பக் கூடாது. கிராம சபையிலும், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலிலும் இந்தக் குரல் எழ வேண்டும்.

உடலையும் ஊருக்கே

மருத்துவக் கல்விக்கு உடலைக் கொடுப்பது வேறு காகிதம். ஆனால் இதோடு சேர்த்து யோசிக்கத் தக்கது. தோழர் ஜோதிபாசு 2003லேயே உறுதி எழுதிக் கொடுத்திருந்தார். 2010 ஜனவரி 17 அன்று மறைந்ததும் அவர் உடல் கல்கத்தா மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாயிற்று. 2024இல் தோழர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடலும், தோழர் சீதாராம் யெச்சூரியின் உடலும் அதே வழியில் சென்றன. சொல்லிவிட்டுப் போனார்கள்; குடும்பத்தார் குழம்பாமல் செய்தார்கள். மதச் சடங்கில் நம்பிக்கையுள்ள தோழர்களை நாம் வற்புறுத்தவில்லை. புதைப்பதா, எரிப்பதா, கொடுப்பதா என்பதை அவரவரே சொல்லிவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்றே தொடங்குவோம்

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் கை கொடுங்கள்; எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, சம்மதம் பெற்ற பிறகே கைநாட்டு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மனம் படைத்த வக்கீல் நோட்டரி ஒருவரைச் சங்க ஆபீசுக்கு அழைத்தால் பத்துக் குடும்பத்தின் வேலை முடியும். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் பேசுங்கள். காகிதம் பெட்டிக்குள் இருந்து பயனில்லை. மகனுக்கும் மகளுக்கும் அது எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாம் எழுதிவிட்டோம். ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. வீட்டில் படித்துக் காட்டியபோது துணைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "எனக்கும் ஒண்ணு எழுதுங்க. ஆனா நான் சொல்றதைத்தான் எழுதணும்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் எழுதினோம். கூலி எவ்வளவு என்பதிலும், வேலை நேரம் எவ்வளவு என்பதிலும் நம் சொல் செல்ல வேண்டும் என்று போராடி வந்திருக்கிறோம். நம் உடம்பைப் பற்றிய கடைசிச் சொல்லை மட்டும் பிறர் வாயில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், தோழர்களே!